ஹாந்தாவிடம் சுருதி கேட்டது

லலாவை ஊருக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை நான் செய்த முதல் வேலை, வயலினின் நான்கு தந்திகளையும் ஒன்றாகக் கழற்றிப் போட்டதுதான்.

வயலின் பிடிக்கிற எவனும் செய்யாத காரியம் அது. ஒரு தந்தியைக் கழற்றினால் அந்த இடத்தில் புதிதைப் போட்டு இழுத்து நிறுத்திவிட்டுத்தான் அடுத்ததில் கை வைக்க வேண்டும். மற்ற மூன்றும் அமுக்கிக்கொண்டிருப்பதால் தந்திகளைத் தாங்குகிற குதிரை நிற்கிறது. குதிரை அமுக்குவதால் வயலின் வயிற்றுக்குள் இருக்கிற சின்னக் குச்சி நிற்கிறது. எல்லாவற்றையும் அவிழ்த்தால் எல்லாம் விழும். இது தெரியாதவனா நான்? தாடி முளைத்த நாளிலிருந்து ஹிரா காசி குழுவில் வாசிக்கிறேன். சந்தைத் திடலில் இரண்டு குழுக்கள் எதிரெதிரே நின்று பாடி ஆடி, கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிற பிழைப்பு.

ஆனால் அன்று எல்லாமே புதுசு. லலாவுக்குப் புதுக் கோடிப் பட்டு, கல்லறைக்குப் புதுச் சுண்ணாம்பு, குழுவில் எல்லாருக்கும் புது வைக்கோல் தொப்பி. தலைநகரத்திலிருந்து வந்த என் தம்பி மகன் நான்கு கடைத் தந்திகள் வேறு கொண்டுவந்திருந்தான். எங்கள் பக்கம் சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து இழை எடுத்துத்தான் தந்தி. கடைத் தந்தியைக் கண்டதும், அவளுக்குப் புதுசு போர்த்துகிற நாளில் இதற்கும் புதுசு போர்த்தலாமே என்று தோன்றியது. உட்கார்ந்தேன், தந்தி முறுக்கும் பிருடைகளைத் திருகினேன், நான்கையும் உருவினேன். செத்தவர்களுக்குக்கூட நாங்கள் பழைய துணியை அவிழ்ப்பதில்லை, அதன் மேலேயே புதுசைச் சுற்றுகிறோம். எனக்கு அந்த நிதானம்கூட இல்லை.

குதிரை சாய்ந்து மடியில் விழுந்தது. உள்ளே குச்சி உருண்டு போய் ஒரு மூலையில் தட்டியது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒன்றும் தோன்றாமல் இருப்பது எனக்கு அப்போது பழகிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மேற்கே பொங்குலாவா மேட்டில் ஆடப் போயிருந்தபோது என் மனைவி லலாவுக்குக் காய்ச்சல் வந்தது. பருவத்தின் கடைசி வாரம். மழை முந்திக்கொண்டு பாதையை அடைத்துவிட்டது. அங்கேயே செத்தாள், அங்கேயே யாரோ கொடுத்த மண்ணில் வைத்துவிட்டு வந்தோம். அன்று நான் அழவில்லை. ஊருக்கு வந்தபிறகு அழுவேன் என்று ஜனங்கள் காத்திருந்தார்கள். அப்போதும் அழவில்லை. அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பிறகு என்னைக் கல்நெஞ்சன் என்று விட்டுவிட்டார்கள். சாப்பிட்டேன், நாற்று நட்டேன், பன்றிக்குத் தவிடு வைத்தேன், வாசித்தேன்.

இப்போது கொடி கட்டிய வண்டியில் அவளைக் கொண்டுவந்து கல்லறைக்குப் பக்கத்துப் பந்தலில் பாயில் சுருட்டி வைத்திருந்தது. நாள் பார்ப்பவர் சூரியன் உச்சி சாய்ந்தபின் என்று நேரம் சொல்லியிருந்தார். அதற்குள் ஜனங்களுக்குச் சோறு போட்டு, ஆட்டம் போட்டு, அவளுக்குக் கோடி சுற்றி, முன்னோர்களோடு உள்ளே வைக்க வேண்டும். செத்தவர்களை எடுத்துப் புதுத் துணி சுற்றுகிற இந்தத் திருப்பு விழாவில் அழக் கூடாது. சந்தோஷமாக வழியனுப்ப வேண்டும், அழுதால் செத்தவர்களுக்கு மனசு கெடும். மற்றவர்களுக்கு அது கஷ்டம். எனக்கு இல்லை.

எனக்கிருந்த ஒரே கவலை என் மகள் ஹாந்தா, அதையும் கவலை என்று சொல்ல முடியுமா தெரியவில்லை. லலாவ் போனபிறகு அவள் இடத்தில் நின்று ஹாந்தாதான் பாடுகிறாள். முந்தின ஞாயிற்றுக்கிழமை சந்தையில், உச்ச வரியில் அவள் குரல் கிழிந்தது. கூட்டம் சிரித்தது. எதிர்க்குழுப் பாடகி இடுப்பில் கை வைத்துக்கொண்டு தானும் சேர்ந்து சிரித்தாள். அதுவும் முதல் தடவை இல்லை. அன்று மாலை ஹாந்தா தன் தாய்மாமனிடம், அம்மாவுக்கு ஒருமுறை பாடிவிட்டு இதோடு நிறுத்திக்கொள்கிறேன், இனி வாயைத் திறக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். அவர் வந்து என்னிடம் சொன்னார். சரி என்றேன். அம்மாவின் மூச்சு இவளுக்கு இல்லை, வயிற்றிலிருந்து பாடு என்று எத்தனையோ முறை திட்டிப் பார்த்தாயிற்று, வேறென்ன செய்வது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுக்களைக் கொட்டகைக்குப் பின்னால் வெயிலைப் பார்த்து உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். சைக்கிள் ஆரக்கம்பி ஒன்றை வளைத்து நுனியைக் கூராக்கி வைத்திருக்கிறேன். அதில் குச்சியைக் குத்தி, வயலின் நெஞ்சிலிருக்கிற வளைந்த துளை வழியாக உள்ளே விட்டு, மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே நிறுத்த வேண்டும். மெல்லிய தந்திப் பக்கம் குதிரையின் கால் எங்கே ஊன்றுமோ அதற்கு ஒரு நூல் பின்னால். தள்ளிப்போனால் சத்தம் தகரம், நெருங்கிப்போனால் மூக்கடைப்பு. இரண்டு தடவை சாய்ந்தது. மூன்றாவது தடவை நின்றது. துளையில் கண்ணை வைத்து நேராக நிற்கிறதா என்று பார்த்தேன். நின்றது.

பிருடைகளில் காய்ந்த சோப்பைத் தேய்த்துத் திருப்பிப் பார்த்தேன், வழுக்கியது. மேலே கொஞ்சம் சுண்ணாம்புக் கட்டி தேய்த்தேன், பிடித்துக்கொண்டது. தடித்த தந்தியை முதலில் மாட்டி, குதிரையை நிறுத்தி, மெல்லிய தந்தியை மாட்டி, பிறகு நடுவிலுள்ள இரண்டையும் மாட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். முறுக்க முறுக்கக் குதிரை முன்னால் சாயும், இரண்டு விரலால் பின்னுக்கு இழுத்து நேராக்க வேண்டும். கை தானே செய்தது. அடுப்பிலிருந்து கொழுப்பு மிதக்கும் மாட்டுக்கறி வாசனை வந்தது, பசித்தது, அதையும் கவனித்தேன்.

கடைசியாக இரண்டாவது தந்தி. அதைச் சேர்த்துவிட்டால் மற்ற மூன்றும் அதைப் பார்த்து வந்துவிடும். அதைச் சேர்ப்பதற்கு எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எக்காளக்காரர்கள் ஆட்டத்துக்கு மட்டும்தான், பெண்கள் பாடும்போது வயலினும் மேளமும் மட்டும். அதனால் பாடகியின் சுருதிதான் வயலினுக்குச் சுருதி. முதல் வயலின்காரன் பாடகி முன்னால் போய் நின்று "சுருதி குடு" என்பான். அவள் வாயை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுப்பாள். அவன் அதற்குத் தந்தியைச் சேர்ப்பான். கேட்கப்பட்டவள்தான் முதல் பாடகி. வேறு பட்டமோ மாலையோ கிடையாது.

லலாவிடம் நான் கல்யாணத்துக்கு முன்னாலேயே கேட்க ஆரம்பித்தவன். அவள் போனபிறகு யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. தந்திகள் அவள் சுருதியிலேயே இருந்தன. ஒன்று அறுந்தால் மற்ற மூன்றைப் பார்த்து அதைச் சேர்த்தேன். அடுத்த மாதம் இன்னொன்று அறுந்தால் அதையும் அப்படியே. மூன்று வருஷத்தில் ஒவ்வொரு தந்தியும் எத்தனையோ முறை மாறியிருக்கும், சுருதி மாறவில்லை.

பிருடையைத் திருப்பினேன். தட்டினேன். இதுவா? இல்லை, இன்னும் மேலே. திருப்பினேன். இதுவா? கொஞ்சம் கீழே இறக்கினேன். இதுவும்தான் சரியாகப் பட்டது. எது வைத்தாலும் அதுவே அவளுடையது மாதிரி இருந்தது, அடுத்த நொடி இல்லை என்று இருந்தது. கண்ணை மூடி அவள் எதிரில் நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். முகம் வந்தது, ரோஜா நிறப் பாவாடை வந்தது, அடித்தொண்டையில் மூச்சு இழுப்பது வந்தது. சத்தம் வரவில்லை.

எனக்குப் பயம் வந்தது. மூன்று வருஷத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். பிறகு ரஜாவுனாவின் ஞாபகம் வந்து பயம் இறங்கியது.

ரஜாவுனா லலாவின் அண்ணன், குழுவின் தலைவர், இரண்டாவது வயலின். என் வயலினைப் பார்த்துத்தான் அவர் தன்னுடையதைச் சேர்த்துக்கொள்வார். ஆகவே அவள் சுருதி அவர் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. வயலினைத் தூக்கிக்கொண்டு போனேன். மனுஷர் பந்தலுக்கு வெளியே சொந்தக்காரர்களுக்குக் கரும்புச் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

தந்தி எல்லாம் கழற்றிவிட்டேன், உங்கள் இரண்டாவது தந்தியைக் கொஞ்சம் தட்டுங்கள் என்றேன். அவர் என் வயலினைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சாராயக் குப்பியைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். வயலினை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பிருடையைப் பிடித்து இறக்கினார். தந்தி முனகிக்கொண்டே தொய்ந்தது. அடுத்ததை இறக்கினார். நான்கையும் இறக்கிவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினார்.

"இப்ப எங்கிட்டயும் இல்ல, மாப்ளே."

அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. உண்மையாகவே கை ஓங்கினேனோ என்னவோ, பக்கத்திலிருந்தவர்கள் எழுந்தார்கள். அவர் அசையவில்லை.

"அவ என் தங்கச்சி. அவ சுருதியை எறக்குறதுக்கு எனக்கு மட்டும் ஆசையா? அந்தப் புள்ள மூணு வருஷமா அவ அம்மா தொண்டையில பாடிட்டு இருக்கு. ஞாயித்துக்கிழமை ராத்திரி ரத்தமாத் துப்புச்சுன்னு உனக்குத் தெரியுமா? தெரியாது. உனக்கு ஒண்ணும் தெரியாது."

அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொல்லணும்னுதான் வாயத் தொறப்பேன். உன் மூஞ்சியப் பாத்தா வராது. போ, போயி உன் பொண்ணுகிட்ட கேளு."

போக எனக்கு இஷ்டமில்லை. ஆனால் கையில் சுருதி இல்லாத வயலின், வெளியே ஜனக்கூட்டம், மேலே ஏறிக்கொண்டிருக்கிற சூரியன். ரத்தம் என்ற சொல் வேறு காதில் நின்றது. ஹாந்தா எனக்கு எதிரேதான் மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். சில நாள் சோற்றை, அடிப்பிடித்த சட்டியில் கொதித்த காந்தல் தண்ணீரில் கரைத்துக் குடிப்பாள். தொண்டை வலி என்று தோன்றவில்லை, ஏதோ நாகரிகம் என்று நினைத்தேன்.

பெண்கள் ஒருவருக்கொருவர் தலை பின்னிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன். ஹாந்தா பாதிப் பின்னலோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே போய் நின்றேன். ஊரெல்லாம் என்னை ஹாந்தா அப்பா என்றுதான் கூப்பிடுகிறது, ஆனால் அந்த இரண்டு வார்த்தையை அவளிடம் சொல்ல நாக்கு புரளவில்லை.

"சுருதி குடு" என்றேன்.

பின்னிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. ஹாந்தா எழுந்தாள்.

"அம்மாவோடதா, என்னோடதா?"

"அம்மாவோடது எங்கிட்ட இல்ல" என்றேன். "உன்னோடது."

அவள் வாயை மூடிக்கொண்டு இழுத்தாள். நான் பிருடையை மேலே முறுக்கத் தயாராகப் பிடித்திருந்தேன், முறுக்க வேண்டியிருக்கவில்லை. இறக்கினேன். இன்னும் இறக்கினேன். இவ்வளவு கீழேயா என்று கேட்டேன்.

"இவ்ளோ கீழதாம்ப்பா. எப்பவுமே."

சேர்த்தேன். கீழே இறங்கியதும் வயலின் வேறு யாருடையதோ போலப் பேசியது, கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் மண். மற்ற மூன்றையும் சேர்த்துக்கொண்டிருக்கும்போது அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமையும் கேப்பீங்களா?"

வில்லுக்கு ரோசனப் பிசின் தேய்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கேட்பேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் லலாவ் போய்விட்டாள் என்று நானே கையெழுத்துப் போட்டது மாதிரி ஆகிவிடும் என்று பட்டது, அதனால் சொல்லவில்லை.

ஆனால் புதுத் தந்தி யாரையும் நிம்மதியாக விடாது. அது நீளும், நீள நீள இறங்கும். ரோசனம் தேய்த்து முடிப்பதற்குள் இறங்கிவிட்டது. ரஜாவுனாவோ இன்னும் சேர்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் சேர்ப்பாராம். மறுபடி ஹாந்தாவிடம் போனேன். கேட்டேன், கொடுத்தாள், சேர்த்தேன். ஆட்டக்காரர்கள் திடலில் இறங்குவதற்குள் மறுபடி இறங்கியது, மறுபடி போனேன். மூன்று வருஷம் கேட்காததை எல்லாம் அந்த ஒரு காலையில் கேட்டேன், அதுவும் சோற்றுத் தட்டும் கையுமாக ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது.

"என்ன ஹாந்தா அப்பா, பொண்ணு பின்னாலயே போறீங்க, பால்குடி மறக்கலையா?" என்று ரஜாவுனாவின் மனைவி கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள். ஹாந்தாவும் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன், நினைவில்லை.

சூரியன் உச்சி சாய்ந்தது. நாள் பார்ப்பவர் கை காட்டினார். எக்காளங்கள் ஊதின, ஆண்கள் லலாவைப் பாயோடு தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள், கூட்டம் கூடவே ஆடியது. நானும் வாசித்துக்கொண்டே நடந்தேன். பிறகு கல்லறை முன்னால் குடும்பத்துக்காரர்கள் கால் நீட்டி வரிசையாக உட்கார்ந்தோம், அவளை எங்கள் மடிகளின் குறுக்கே வைத்தார்கள். பாயை உருவி, பழைய துணியின் மேல் புதுப் பட்டைச் சுற்றினார்கள். தலைப்பக்கம் என் மடியில் இருந்தது. கால்பக்கம் ஹாந்தாவின் மடியில். கனமே இல்லை. கனமாக இருக்கும் என்று நினைத்து நான் முதுகை வேறு நிமிர்த்தி வைத்திருந்தேன்.

செத்தவர்களுக்கு ஊர்ச் செய்தி சொல்வது வழக்கம். ஒவ்வொருவராகக் குனிந்து சொன்னார்கள். ஆற்றுக்குப் பாலம் வந்துவிட்டது லலாவ், இனிமேல் சுற்றிக்கொண்டு போக வேண்டாம். உன் சிவப்பு மாடு ரெட்டைக் கன்று போட்டது. ரஜாவுனாவுக்குப் பல் கொட்டிவிட்டது, இப்போதெல்லாம் மேடைப்பேச்சு பாதி காற்றுதான். ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் சிரித்தார்கள். பட்டைத் தடவிக் கொடுத்தார்கள்.

என் முறை வந்தது. என்ன சொல்வதென்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. பட்டு மேல் கை வைத்தேன். அதற்குள்ளே நெற்றி இருக்கிற இடம் கைக்குத் தெரிந்தது.

"லலாவ்" என்றேன். "சுருதிய எறக்கிட்டோம். ஞாயித்துக்கிழமையிலேர்ந்து ஹாந்தாகிட்டதான் கேக்கப்போறேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஹாந்தா தலையைக் குனிந்துகொண்டாள். ரஜாவுனா தொண்டையைக் கனைத்துவிட்டு, பாட்டை ஆரம்பிக்கலாம் என்று மேளக்காரனுக்குக் கண் காட்டினார்.

லலாவைக் கீழே இறக்காமலே பாடுவது என்று ஏற்பாடு. மடியில் அவள் இருக்க, வயலினை நெஞ்சில் சாய்த்து இரண்டாவது தந்தியைத் தட்டினேன். வெயிலுக்கு மறுபடி இறங்கியிருந்தது. வயலினைப் பார்த்தபடியே, "சுருதி குடு" என்றேன்.

அந்த வார்த்தையை எத்தனையோ வருஷம் எந்தக் குரலில் சொன்னேனோ அதே குரலில் சொல்லிவிட்டேன். என் கண் பட்டின் மேல் இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. நான் காத்திருந்தேன். ஹாந்தாவிடம்தான் இனி கேட்பேன் என்று இப்போதுதான் இதே வாயால் சொன்னவன், மடியில் கிடக்கிற துணியைப் பார்த்துக்கொண்டு, அதற்குள்ளிருந்து வருமென்று காத்துக்கொண்டிருந்தேன். அவள் செத்துப்போனது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பொங்குலாவாவில் தெரியவில்லை, மூன்று வருஷமாகத் தெரியவில்லை. தெரிந்தபோது, அழக் கூடாத இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு துணியின் அந்தக் கோடியிலிருந்து ஹாந்தா கொடுத்தாள், கீழே, தன்னுடைய இடத்திலிருந்து. ஏற்றினேன், தாண்டிப் போயிற்று, இறக்கினேன், குறைந்தது, மறுபடி ஏற்றினேன். இவ்வளவு நேரம் யாரும் சுருதி பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அவள் மூச்சு வாங்கி வாங்கி இழுத்தாள். தந்தி சேரும்வரை நிறுத்தவே இல்லை.